ஏறியது முப்பத்தொன்று

“ஏறினது முப்பத்தொன்னு, இறங்கினது முப்பதா? மிச்ச ஆள் பஸ்லயே கரைஞ்சு போயிட்டாரா?” திட்ட அதிகாரி கத்தியது மாடிவரை கேட்டது.

கணக்கெடுக்கும் பெண்ணும் விடவில்லை. “மார்க்கெட் ஸ்டாப்புல ஒரு அக்கா ஏறினாங்க சார். எங்க இறங்கினாங்கன்னுதான் தெரியல.”

“வசூலில்லைன்னு அந்த ஸ்டாப்பைப் போன வருஷமே எடுத்தாச்சேம்மா!”

“டிரைவர் பழக்கதோஷத்துல நிறுத்திட்டாரு. அந்த அக்காவும் புலம்பினாங்க. ‘அடுத்த ஸ்டாப்வரைக்கும் என்னால நடக்க முடியாதுன்னு சொல்லியும் கையெழுத்துப் போட்டாரே’ன்னு.”

அதிகாரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் அவரிடம் அதைச் சொன்னவள் அவர் மனைவி. நிறுத்தத்தை எடுத்த மறுவாரமே, அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போனவளை லாரி அடித்துக் கொன்றது.

நிறுத்தம் திரும்ப வந்தது. கணக்கெடுத்த பெண் அந்த டிரைவரையே கட்டிக்கொண்டாள்; எதைக் கணக்கெடுக்கப் போனாளோ! அதிகாரிதான் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அந்த நிறுத்தத்துக்கு எதிரே வாடகைக்குக் குடிபோய்விட்டார்.