எட்டு முழப் பாதை

“பத்திரத்தில் எட்டு முழப் பாதை என்றிருக்கிறது. யாருடைய முழம்? கையை நீட்டுங்கள்,” என்றது நில அளவைப் பெட்டி.

பல்கீஸ் நீட்டினாள். பக்கத்து வீட்டு மதில் தானாக நகர்ந்து வந்து பாதையைக் குறுக்கியது. அவளுடைய மாவு வண்டி உள்ளேயே மாட்டிக்கொண்டது.

“போன வருசம் எங்க வீட்டுக்காரரு கையை அளந்தே. அவரு இப்போ கப்பல்ல இருக்காரு. என் கை குட்டைன்னா நான் பொழைக்க வேணாமா?”

“இருபக்கத்தாரில் யார் கையும் செல்லும்.”

மதிலுக்கு அப்பால் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சிங்கராயர் நிமிர்ந்தார். ஆறடி மனிதர்.

“வேணாண்ணே, உங்க கீரைப் பாத்தி போயிரும்!”

“போகட்டும் தங்கச்சி. நீ மாவு விக்காட்டி எங்க வீட்ல இட்லி ஏது?” என்று கையை நீட்டினார்.

“நில்லுங்க!” என்று அவர் மனைவி லூர்து உள்ளிருந்து ஓடி வந்தாள். பல்கீஸுக்கு முகம் சுண்டிப்போனது.

“விரல மடக்கிட்டு நிக்கிறீங்களே, கஞ்ச மனுசா! நல்லா நீட்டுங்க.”

மதில் பின்வாங்கி, கீரைப் பாத்தியையும் தாண்டிப் போய் நின்றது. வண்டி வெளியே வந்தது.

“அடியே பல்கீஸு,” என்று லூர்து மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள், “உன் கீரையில ரெண்டு கை பறிச்சுக் குடு. மத்தியானம் கடையணும்.”