வெள்ளைக் காலணி

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல், மழை தூறுகிறது. ரூர் நிலக்கரி வட்டாரத்துச் சுரங்கச் சாம்பலைக் கொட்டிய சிவப்புக் கால்பந்து மைதானம் குழம்பாகிக் கிடக்க, அதன் ஓரத்தில் ரப்பர் பாய் விரித்து நிற்கிறார் பயிற்சியாளர் டெட்லெஃப் குரோல். காலில் பளீரென்று வெள்ளைக் காலணி. இந்தச் சின்ன அணியில் ஆடிப் பெரிய அணிக்குப் போனவர். பிறகு பயிற்சியாளராகி, ஆறு அணிகளை வரிசையாகக் கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிட்டு, ஏழாவதாக இங்கேயே திரும்பி வந்திருக்கிறார். "விழுந்து தடுங்கடா. சட்டையில அழுக்குப் படாம ஒருத்தனும் வெளிய வரக் கூடாது" என்று கத்துகிறார். முப்பது வருடமாக அணியின் சட்டைகளைத் துவைக்கும் ஹில்ட்ரூட், வாளியருகே நின்று உதட்டைச் சுழிக்கிறாள். அவர் ஆடிய காலத்தில் அவருடைய பதினொன்றாம் எண் சட்டையை மட்டும் அவள் துவைத்ததே இல்லை. அதில் அழுக்குப் பட்டால்தானே. உதறி மடித்து வைப்பதோடு சரி. எதிரணியின் நான்காவது கோலும் விழுகிறது. ஆத்திரத்தில் பாயைவிட்டு இறங்கியவர் வழுக்கி, முழங்கால் குத்தி விழுகிறார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் தூக்கவும் வரவில்லை. காலணிகளைக் கழற்றிக்கொண்டு வாளியிடம் வருகிறார். "ஹில்ட்ரூட், இதக் கொஞ்சம் அலசிக் குடேன்." அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள். "இருக்கட்டும், டெட்லெஃப். இந்தச் சேறு உன்மேல ஒட்ட முப்பது வருஷம் ஆயிருக்கு. அதப் போயி கழுவச் சொல்றியே."