மணையில் யார்?

“உப்பு ஏரிச் சனங்களைப் பத்திப் பத்திரிகையில எழுதுற வாத்தியாரய்யா நீங்கதானுங்களே?”

வாசலில் நின்ற இரண்டு பெண்களில் மூத்தவள் கேட்டாள். கரி எரித்து ஓடும் பஸ்ஸின் புகை இருவர் முகத்திலும் அப்பியிருந்தது.

“நான்தான்” என்றார் ஞானமணி.

திருக்கோகர்ணத்துக்கு அவரைத் தேடி ஒரு வாசகர்கூட இதுவரை வந்ததில்லை. கல்லூரியில் சரித்திரம் கற்பிப்பவர் அவர். அமெரிக்காவில் பாலைவனம் கடந்து போய், உப்பு ஏரிக்கரையில் ஊர் அமைத்துக்கொண்ட மார்மன்கள் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தைப் பற்றி வாராவாரம் எழுதி வந்தார். அவர்களுடைய சரித்திரம், நம்பிக்கை, சாப்பாடு, சடங்கு ஒன்றையும் விடவில்லை. கடலையே பார்த்திராத அவர், வகுப்பில் நிற்கும்போதுகூட மனத்தளவில் அந்த ஏரிக்கரையில்தான் உலவிக்கொண்டிருப்பார்.

“உள்ள வாங்கம்மா. எந்த ஊரு?”

“திருமயம். அரிசி மண்டிக் கண்ணுசாமி வீட்டுலேருந்து வாரோம். நான் அழகம்மா. இவ செவந்தி.”

“அக்கா தங்கச்சிங்களா?”

“ரெண்டு பேருக்கும் ஒரே புருசன்” என்றாள் செவந்தி. “அவரு ஒங்க எழுத்துல ஒரு வரி விடமாட்டாரு.”

ஞானமணிக்குப் பெருமையாக இருந்தது. “ரொம்ப சந்தோசம்” என்றார்.

“அவருக்குச் சந்தோசம்தான்” என்றாள் அழகம்மாள். “வர்ற தையில அவருக்கு அறுபதாங் கல்யாணம். எங்க ரெண்டு பேரையும் ரெண்டு பக்கமும் மணையில ஒக்கார வச்சுத் தாலி கட்டுறதாத்தான் பேச்சு. போன வாரம் நீங்க எழுதுனதைப் படிச்சாரு. எல்லாம் கலைஞ்சுபோச்சு.”

போன வாரம் அவர் எழுதியது மார்மன்களின் கோயில் கல்யாணம். சாகும்வரை மட்டும் அல்ல, செத்த பிறகும் விடாத பந்தம் அது.

“அதே மாதிரி தானும் மறுமைக்கும் சேத்துக் கட்டப் போறாராம். ஆனா மேலயும் ரெண்டு பேரு சண்டையைக் கேக்க முடியாதாம். ஒருத்திக்குத்தான் தாலி, யாருன்னு நீங்களே பேசி முடிவுக்கு வாங்கன்னுட்டாரு.”

“பேசினீங்களா?”

“பேசாமயா? இவ விட்டுக்குடுக்க மாட்டேங்குறா.”

“அக்கா மட்டும் விட்டுக்குடுத்தாகளாக்கும்” என்றாள் செவந்தி.

ஞானமணி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “அது அவங்க மதத்துல உள்ளவங்களுக்கு, அவங்க கோயில்ல செய்யுற சடங்கும்மா. நம்ம தாலிக்குப் பொருந்தாது.”

“சொல்லிப் பாத்தாச்சு. அச்சுல வந்திருக்குங்குறாரு.”

“அவங்களே இப்பப் பல தாரத்தை விட்டுட்டாங்க. ரெண்டு பொண்டாட்டிக்காரரைக் கோயில்லயே சேக்க மாட்டாங்க. அதையும் எழுதியிருக்கேனே.”

“முன்னால பல தாரம் கட்டுனாங்கன்னு எழுதுன எடத்தை மட்டும் மண்டியில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனாரு” என்றாள் அழகம்மாள். “நீங்க யாரைக் கைகாட்டுறீங்களோ அவளுக்குத்தான் கட்டுவாராம். அதான் பஸ் ஏறி வந்தோம். தீர்ப்புச் சொல்லுங்க.”

இரண்டு பேருடைய மறுமையும் இப்போது அவர் பேனாவில் சிக்கிக்கொண்டிருந்தது. வழக்கைக் கேட்டுப் பார்ப்போம் என்று எண்ணி, “ஒவ்வொருத்தரா ஒங்க பக்கத்தைச் சொல்லுங்க” என்றார்.

“அவரு கண்ணு முழிக்கிறப்ப வெந்நி தயாரா இருக்கணும். சூடு ஒரு பொட்டுக் கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து அது என் கையாலதான்” என்றாள் அழகம்மாள்.

“ராத்திரி கால் அமுக்குறது நான். அவரு கொறட்டை விடுற வரைக்கும் கைய எடுக்க மாட்டேன். மண்டிக் கதை பூராவும் நான்தான் கேப்பேன்” என்றாள் செவந்தி.

ஞானமணி நெகிழ்ந்துபோனார். ஒரு சாதாரண அரிசி வியாபாரி மேல் இத்தனை பிரியமா? தூரதேசத்து நாவல்களில்தான் அவர் இப்படிப் படித்திருக்கிறார்.

“வீட்டுல அம்மா இல்லீங்களா?” என்று அழகம்மாள் சுற்றிலும் பார்த்தாள்.

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை.”

“அதான் எழுதுறீங்க.”

செவந்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். “ஒண்ணு கேக்கணும்யா. அப்படிக் கட்டாம விட்ட பொம்பளைக்கு மேல என்ன கதி? அதை நீங்க எழுதலையே.”

எழுத மனம் வராமல் அவர் ஒதுக்கி வைத்திருந்த பகுதி அது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மனசைத் தேத்திக்கங்கம்மா. அவங்களும் மேலுலகம் போவாங்க, தேவதூதரா இருப்பாங்க. ஆனா யாருக்கும் மனைவியா இருக்க முடியாது. தனியாத்தான் இருக்கணும்னு அவங்க வேதம் சொல்லுது.”

“தனியான்னா, புருசன் கெடையாதா?”

“கிடையாது.”

“எத்தனை காலத்துக்கு?”

“என்னைக்குமே.”

உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஞானமணி வருந்தினார். யார் முதலில் அழுவார்களோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

அழகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வயசுலயும் மூத்தவ நான், வாக்கப்பட்டதுலயும் மூத்தவ நான். தாலியை இவளுக்குக் கட்டச் சொல்லுங்கய்யா, அந்தத் தனி எடம் எனக்குத்தான்.”

“தாலி இல்லாத எடத்தை எனக்கு விட்டுக்குடுங்கன்னுதானேக்கா நானும் அன்னையிலேருந்து கெஞ்சுறேன்” என்றாள் செவந்தி.