கம்ப்யூட்டர் மேல் ஒரு புகார்

"உங்க மேல எனக்குக் கோவமில்லீங்க சார். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பண்ணுன வேலைங்க" என்றாள் மயிலாள்.

ஜெபக்குமாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் அவளோடு வந்து, இதே இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ராசப்பன் இன்று இல்லை. வீரபாண்டி சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்துச் செத்துப்போனான். அவன் பெயரில் பாலிசி கேட்டு வந்தவர்களை அன்று இல்லையென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"நீங்களே புகார் எழுதிக் குடுங்க சார். எனக்குக் கையெழுத்து மட்டுந்தானுங்க வரும்."

எழுத உட்கார்ந்தான். பேனா ஓடவில்லை.

வேலையில் அவன் கெட்டிக்காரன்தான். வயது, தொழில், நோய் எல்லாம் பார்த்து, யாருக்குப் பாலிசி கொடுக்கலாம் என்று நாசரேத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த நாளாய்க் கணக்குப் போட்டவன். இன்சூரன்ஸ் கணக்குக்கென்றே இருக்கும் ஆக்சுவரி பரீட்சையில் நாலு பேப்பர் தேறியவன். 2007 ஆடியில் ஹெட் ஆபீஸ் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவன் மேஜையிலேயே வைத்தது. பழைய மனுக்களைப் பார்த்து அது தானாகவே கற்றுக்கொள்ளுமாம். ஒரு நொடியில் முடிவை இங்கிலீஷில் சீட்டாக அடித்துத் தரும். அதை வந்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது ரூல். ஆறு மாதம் சோதனை. அது தேறிவிட்டால் இவன் மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் ஏதாவது பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணலாம்.

மானேஜர் மைதிலி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜெபக்குமார், இது அஞ்சாவது புகார்! அஞ்சு வந்தா மிஷினைத் திருப்பி எடுத்துக்கறோம்னு ஹெட் ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. உங்க வேலை தப்பிச்சுது, போங்க."

அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"அதைத் தூக்கிட்டுப் போறது நல்லதுங்கம்மா" என்றாள் மயிலாள். "சாரு மாதிரி ஒரு மனுசரு முடிவு பண்ணியிருந்தா, எங்க ஊட்டுக்காரரு மொகத்தப் பாத்தே குடுத்திருப்பாருங்க. மிசினுக்கு என்னங்க தெரியும்?"

"போதும்க்கா..." அவன் புகாரை அவள் பக்கம் நகர்த்தினான். "கையெழுத்துப் போடுங்க."

போட்டாள். பிறகு ரேஷன் கார்டை எடுத்து, அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த காகிதத்தை மைதிலியிடம் நீட்டினாள்.

"அன்னிக்குக் கம்ப்யூட்டர் அடிச்ச சீட்டுங்கம்மா. எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. குடுக்க முடியாதுன்னு போட்டிருக்குன்னு சாருதான் படிச்சுச் சொன்னாரு. புகாரோட இதையும் சேத்து அனுப்பிருங்க."

ஜெபக்குமார் பதறி எழுந்து கை நீட்டினான். அதற்குள் மைதிலி சீட்டைப் பிரித்துவிட்டாள். படித்தாள். இன்னொரு தரம் படித்தாள்.

"ஜெபக்குமார், இதுல 'தாராளமாகக் கொடுக்கலாம்'னுல்ல போட்டிருக்கு? அப்ப அந்த மத்த நாலு பேரு சீட்டுல என்ன போட்டிருந்துச்சு?"