பின்சுவர் வீடு

டாக்டர் குழந்தைவேலுவின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் நேற்று சாயங்காலம் சாவு. அழுகை அவர் படுக்கையறை வரை கேட்டது. துக்கம் விசாரிக்கப் போனால், ஓட்டுநரில்லாத கார் பதினான்கு கிலோமீட்டர் சுற்றியது. கோவையில் இப்போது எல்லாத் தெருவும் முட்டுத் தெரு. உள்ளே போக, வெளியே வர ஒரே ஒரு கேட். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சந்து வழியை அடைக்கச் சொல்லி முதல் கையெழுத்துப் போட்டவரே அவர்தான்.

அவரைக் கண்டதும் இறந்தவரின் மனைவி அம்சவேணி எழப் பார்த்தார்.

"நேத்து மத்தியானம் நெஞ்சப் புடிச்சுட்டுச் சாஞ்சுட்டாருங்க. ஆம்புலன்ஸ் சுத்தி வர அம்பது நிமிசம். அதுவரைக்கும் நீங்க இருப்பீங்கன்னு செவுத்தத் தட்டிட்டே இருந்தனுங்க. நீங்க ஊட்டுல இல்லையாட்டம் இருக்குது."

"ஆமாங்க. வெளியூர் போயிருந்தேன்."

ஜன்னலுக்கு வெளியே, சுவருக்கு மேலே, அவருடைய பால்கனி தெரிந்தது. நேற்று போட்டிருந்த சட்டை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

கைபேசி அதிர்ந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செய்தி: 'நேற்று மதியம் நீங்கள் புகார் செய்த, சுவரைத் தட்டும் சத்தம் நின்றுவிட்டதா? ஆம் / இல்லை.'

"அவசர கேஸுங்களா?" என்றார் அம்சவேணி. "கிளம்புங்க டாக்டர். அந்த உசிராச்சும் பொழைக்கட்டும்."

சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார்.