எழுபது கிலோ

பேச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறி நின்றாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு அது. செத்துப்போன புருஷனின் சட்டையை வாங்கிப்போக வந்தவளை யாரும் ஏறச் சொல்லவில்லை. எட்டு மாதம் சனிக்கிழமைதோறும் ஏறிய கால் தானாக ஏறிவிட்டது.

எடை பார்த்துச் சொல்பவன் ஒச்சப்பன். அங்கே மூட்டை தூக்கிய அவள் புருஷன் சங்கரலிங்கம் அவனுக்குக் கூடப்பிறக்காத தம்பி.

சங்கரலிங்கத்துக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, நான் ஒன்று தருகிறேன் என்று முன்னால் வந்தவள் பேச்சி. அப்போது எண்பத்து நாலு கிலோ. எழுபதுக்கு இறங்கி வா, உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். பட்டினி கிடக்கக் கூடாது, மெல்லத்தான் குறைய வேண்டுமாம்.

மெல்லத்தான் குறைத்தாள் புண்ணியவதி. சாப்பாட்டோடு டாக்டர் தந்த மாத்திரை, அளந்து வைத்த சோறு, சர்க்கரையில்லாத சாயா, விடிந்ததும் கடற்கரை வரை நடை. ஆசையாகத் தின்னும் கப்பைக்கிழங்கைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

போன மாதம் ஒச்சப்பன் எழுபது என்று கத்தியபோது கிடங்கே கைதட்டியது. அதற்கடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் எழுபத்திரண்டு காட்டியது. இன்னும் இரண்டு குறைத்துவிட்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஒரு மாதம் சங்கரலிங்கத்துக்குக் கிடைக்கவில்லை.

ஒச்சப்பன் தன் பக்கம் திரும்பியிருந்த முள்ளைப் பார்த்தான். எழுபத்திரண்டில் நின்றது.

"எழுபது," என்றது வாய்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

மூட்டையின் எடையில் இரட்டைச் சாக்குக்கென்று இரண்டு கிலோ கழித்துக் கழித்து, முப்பது வருடமாகப் பழகிய வாய். முள்ளைப் பார்த்ததுமே கழித்துவிடும். முதல் வாரமே இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று அவளுக்குச் சாயா வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

பேச்சி தராசிலிருந்து இறங்காமலே அழுதாள். "அன்னிக்கு நீங்க எழுபதுன்னு சொன்ன சந்தோஷத்துல ஒரு தட்டுக் கப்பை தின்னுட்டேண்ணே. அதான் அவரக் கொன்னுச்சு. ஒரு தட்டு ரெண்டு கிலோ வருமாண்ணே?"

சொல்லித் தொலை, இப்போதாவது சொல்லித் தொலை என்று ஒச்சப்பனின் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது.

"வரும் தங்கச்சி," என்றான்.