நொண்டிச்சியின் கால்

விடியற்காலையில் பிடித்த வலி மணிக்கட்டை இன்னும் விடவில்லை. மாடுகளைக் கறந்துவிட்டு நேரே வந்த பால்காரி, கால்நடைக் கல்லூரியின் உடற்கூறு அறையில் கையை நீவிக்கொண்டு நிற்கிறாள். ஜன்னல் வெயில் மேசைமேல் விழுந்து கிடக்கிறது. இயந்திரம் பிளாஸ்டிக்கில் அச்சிட்டுத் தந்த வெள்ளை எலும்புகளை மாணவர்கள் ஆளுக்கொன்றாய்த் திருப்பிப் பார்க்கிறார்கள்; எல்லாம் செத்துப்போன அவளுடைய நொண்டிச்சிப் பசுவின் பின்னங்கால் எலும்புக்குப் பிரதிகள். நடுவில் மஞ்சளேறிய அசல் இருக்கிறது. அவள் ஒரு பிரதியைத் தூக்குகிறாள். "என்ன டீச்சரம்மா, சோளத்தட்டை மாதிரி லேசா இருக்கு? இந்தக் காலால உதைச்சிருந்தா என் பல்லு தப்பிச்சிருக்கும்." அறை சிரிக்கிறது. "அதான்க்கா, அசலையும் பக்கத்துல வெச்சாத்தான் பசங்களுக்குப் பிடிபடுது," என்கிறாள் ஆசிரியை, அவள் முகத்தைப் பார்க்காமல். "காப்பி எடுத்ததும் தர்றேன்னீங்க. மத்த உடம்பு கொட்டகைக்குப் பின்னால புதைஞ்சு கிடக்கு, கால் மட்டும் இங்க." ஒரு மாணவி கண்ணை மூடிக்கொண்டு, எலும்பு முறிந்து கூடிய முடிச்சை அசலில் தடவுகிறாள், நகம் படாமல், மெதுவாக. எடுக்க நீட்டிய கையைப் பால்காரி மடக்கிக்கொள்கிறாள். "பரீட்சை முடியட்டும். அப்புறம் சாக்குச் சொல்லக் கூடாது." படியிறங்கிப் போகிறாள். நொண்டிச்சியின் காலை அவர்கள் இன்னும் அவளுக்குத் தரவேண்டும்.